ஒகேனக்கல் கரையின் நீர்மருது: ஏறி இறங்கும் ஆற்றுக்கென்றே அமைந்த மரம்

சித்திரை வெயிலில் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு மலைப்பாதையில் இறங்கினால், இருபுறமும் காடு காய்ந்து கிடக்கும். வெக்காலியும் துரிஞ்சியும் இலையைக் கொட்டிவிட்டு மழைக்குக் காத்திருக்கும். வளைவு திரும்பி ஆறு தெரியும் இடத்தில் மட்டும் தடித்த பச்சைக் கோடு ஒன்று ஓடும். மலையில் இருக்கும் அதே வெயில்தான் கரையிலும். மண்ணுக்கடியில் இருக்கும் ஈரம்தான் வேறு. அந்தப் பச்சைக் கோட்டில் புங்கன் உண்டு, நாவல் உண்டு, புளியும் உண்டு. ஆனால் கோட்டுக்கு உயரமும் பருமனும் தருவது நீர்மருது. தாவரவியலில் டெர்மினேலியா அர்ஜுனா. எங்கள் பக்கத்தில் பலருக்கு இது நீர்மத்தி. எல்லை தாண்டினால் கன்னடத்தில் ஹொளெமத்தி.

இந்த மரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் பட்டையில் தொடங்கிப் பட்டையிலேயே முடிந்துவிடும். இதயத்துக்கு நல்லது, கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்பதோடு சரி. எனக்கு அது போதவில்லை. வேர் முதல் காய் வரை இந்த மரத்தின் ஒவ்வொரு உறுப்பும், ஆண்டுதோறும் ஏறி இறங்கும் ஆறு ஒன்றை எதிர்பார்த்து அமைந்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரிக்கரைக்கு என்ன தேவை என்பது விளங்கும். கன்று நடுவது மட்டும் ஏன் போதாது என்பதும் விளங்கும்.

கரையில் நின்று பார்க்கிறவருக்கு முதல் அடையாளம் பட்டை. மருது 20 முதல் 25 மீட்டர் வரை வளரும். சில மரங்கள் அதையும் தாண்டும். அவ்வளவு பெரிய மரத்துக்கு இவ்வளவு வழவழப்பான பட்டையா என்று தோன்றும். நிறம் சாம்பல்தான், ஆனால் ஒரே சாம்பல் இல்லை. ஒரு பக்கம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும், ஈரம் படும் பக்கம் பச்சை தட்டியிருக்கும். மேல்தோல் மெல்லிய செதில்களாக உரிந்து விழும். உரிந்த இடம் வெளுத்துத் தெரியும். அடிமரம் உருண்டையாக இருக்காது. வேர்கள் கிளம்பும் இடத்தில் மடிப்பு மடிப்பாகத் தட்டையான சுவர்கள் எழுந்து தண்டைத் தாங்கும். மேலே கிளைகள் அகலமாக விரிந்து, நுனிகள் தண்ணீரை நோக்கித் தொங்கும்.

அந்த அடிமரத்துக்குக் காரணம் வேரில் இருக்கிறது. மருதின் வேர்கள் ஆழம் போவதைவிடப் பக்கவாட்டில் விரிவதே அதிகம். கரையை ஒட்டி நெடுந்தூரம் மேலாக ஓடி, பாறை இடுக்குகளில் நுழைந்து, மணலையும் வண்டலையும் பின்னிப் பிடித்துக்கொள்ளும். கரை அறுபட்ட இடங்களில் இந்தப் பின்னலை வெளியிலேயே பார்க்கலாம்: தொடை பருமனுள்ள வேர்கள் பாறைமேல் படிந்து கிடக்கும், அவற்றின் இடையே மெல்லிய வேர்க்கொத்துகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும். இப்படி மேலோடும் வேரைக் கொண்ட மரம் வறண்ட மேட்டில் தாக்குப்பிடிப்பது கடினம். கரையில் அதற்கு நிலத்தடி ஈரம் அருகிலேயே கிடைக்கிறது. அதனால்தான் மலைக்காடு மொட்டையாக நிற்கும் மாதங்களிலும் மருது முழுவதுமாக இலையுதிர்ப்பதில்லை. மாசி, பங்குனியில் பழைய இலைகள் விழும். விழுந்து முடிவதற்குள்ளேயே புதுத்தளிர் கிளம்பிவிடும்.

விழுந்த இலை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நீள்வட்டம், ஏறக்குறைய ஒரு சாண் நீளம், தோல் போன்ற தடிப்பு. அடிப்பகுதி பல இலைகளில் இருபுறமும் சமமாக இருக்காது. காம்பு குட்டையானது. காம்பும் இலையும் சேரும் இடத்தில் இரண்டு சிறு குமிழ்கள் இருக்கும். அவை இனிப்பு நீர் கசியும் சுரப்பிகள். இளந்தளிர்களில் எறும்பு மொய்ப்பது இதற்காகத்தான். மருதை அடையாளம் காண இந்த இரட்டைக் குமிழ் நம்பகமான குறி. சில இலைகளில் மேல்பரப்பு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். அது இலையின் இயல்பு இல்லை. சைலிட் என்ற மிகச் சிறு பூச்சி முட்டையிட்டு உண்டாக்கும் முடிச்சு.

பூ சித்திரையில் தொடங்கி ஆடி வரை இருக்கும். தரையிலிருந்து பார்த்தால் பூத்திருப்பதே தெரியாது. இலைக்கக்கத்திலும் கிளை நுனியிலும் விரல் நீளத்துக்குச் சிறு கதிர்கள். அவற்றில் வெளிர்மஞ்சள் நிறத்தில் காம்பில்லாப் பூக்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். இந்தப் பூவுக்கு இதழே கிடையாது. ஐந்து முனையுள்ள ஒரு சிறு கிண்ணமும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பத்து மகரந்தத் தாள்களும்தான் பூ. நாம் காணும் மஞ்சள் பஞ்சு அந்தத் தாள்களின் கூட்டம். தேனீக்களுக்கு அதுவே போதும். கோடையின் உச்சியில் ஆற்றங்கரையில் கிடைக்கும் தேனில் மருதின் பங்கும் உண்டு.

இனி காய். மருதைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் நான் காயைத்தான் சொல்வேன். 2.5 முதல் 5 சென்டிமீட்டர் நீளம், நார் பாய்ந்த மரக்கட்டை போன்ற உடல், அதன் நீளவாக்கில் ஐந்து சிறகுகள். உள்ளே ஒரே விதை. 19ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர்கள் இதற்கு முதலில் வைத்த பேரினப் பெயரான பென்டாப்டெராவே ஐந்து சிறகு என்ற பொருள் கொண்டதுதான். 1834இல் ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னாட்டும் இதை டெர்மினேலியாவில் சேர்த்தார்கள். சிறகின்மேல் ஓடும் கோடுகளைக் கவனிக்க வேண்டும். மருதில் அவை மேல்நோக்கி வளைந்து போகும். மலைச்சரிவில் வளரும் உறவுக்கார மரமான கருமருதின் காயிலும் சிறகுகள் உண்டு, ஆனால் அதில் கோடுகள் நேராக விளிம்புக்குப் போய்விடும். கருமருதின் பட்டை கறுத்து, கட்டங்கட்டமாக ஆழ வெடித்திருக்கும். கையில் காயும் கண்ணெதிரில் பட்டையும் இருந்தால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை.

இந்தக் காய் முற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆகிறது. மாசியிலிருந்து வைகாசிக்குள் பழுப்பாகிக் காய்ந்து விழும். அப்போது ஆறு மிகவும் இறங்கியிருக்கும். ஒகேனக்கலில் பாறைகள் வெளியே தெரிய, தண்ணீர் கால்வாய்களாகப் பிரிந்து ஓடும் காலம். காய்கள் மணலிலும் பாறை இடுக்கிலும் அப்படியே கிடக்கும். ஆனி, ஆடியில் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பினால், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து, வினாடிக்கு ஆயிரக்கணக்கான கன அடியிலிருந்து லட்சத்துக்குத் தாவும். பரிசலுக்குத் தடை, அருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வரும் நாட்கள் அவை. கிடந்த காய்களை வெள்ளம் தூக்கிக்கொண்டு போகும். நாரும் சிறகும் அவற்றை மிதக்க வைக்கும். நாட்கணக்கில் ஊறுவதால் கெட்டியான ஓடும் இளகும்.

புரட்டாசி, ஐப்பசியில் ஆறு இறங்கும். காய்கள் வெள்ளம் எட்டிய விளிம்பில், புது வண்டலில் ஒதுங்கும். தர்மபுரி மாவட்டத்தில் நல்ல மழை பெய்வதும் அதே மாதங்களில்தான். ஆக, விதையைச் சுமக்க மேல்நாட்டு மழை, முளைத்ததற்கு ஈரம் கொடுக்க உள்ளூர் மழை என்று இரண்டு பருவக்காற்றுகளும் இந்த ஒரு மரத்துக்கு அடுத்தடுத்து வேலை செய்கின்றன. இதை முதன்முதலாகக் கோவையாக எண்ணிப் பார்த்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை. முளைத்த கன்று பிழைப்பது உறுதியும் இல்லை. அடுத்த கோடையில் இறங்கிப்போகும் ஈரத்தை அதன் வேர் துரத்திப் பிடிக்க வேண்டும். அடுத்த ஆடி வெள்ளத்தில் பிடுங்கப்படாமலும் இருக்க வேண்டும். பாறையின் மறைவில் ஒதுங்கியவையும் மேட்டு வண்டலில் ஒதுங்கியவையும் தப்பிக்கும். மற்றவை போய்விடும்.

வெள்ளம் எவ்வளவு ஏறியது என்பதற்கு இந்த மரங்களே சாட்சி. 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் ஒகேனக்கலில் நீர்வரத்து 2 லட்சம் கன அடியை ஒட்டிப் போனது. அப்படிப்பட்ட வெள்ளம் வடிந்த பிறகு கரையில் நடந்தால், தலைக்கு மேலே உள்ள கிளைகளில் காய்ந்த புல்லும் சருகும் கந்தல் துணியும் சிக்கித் தொங்கும். அந்த உயரம் வரை தண்ணீரில் நின்றும் மரம் சாயவில்லை. வேர்ப்பின்னல் கரையைப் பிடித்திருக்க, அடிமரங்களின் வரிசை நீரின் வேகத்தைக் குறைக்க, அடித்து வரும் வண்டல் மரத்தடியிலேயே படிகிறது. அடுத்த தலைமுறைக் கன்றுக்கு அதுதான் நாற்றங்கால்.

உறவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடுக்காயும் தான்றியும் இதே டெர்மினேலியா பேரினம். வீட்டு வாசலில் நிற்கும் நாட்டு வாதுமையும் அப்படியே. தனிப் பேரினமாக வைக்கப்பட்டிருந்த வெக்காலியை 2017இல் வகைப்பாட்டாளர்கள் டெர்மினேலியாவுக்குள் கொண்டுவந்தார்கள். மேட்டில் இலை உதிர்த்து நிற்கும் மரமும் கரையில் பசுமையாக நிற்கும் மரமும் அந்தக் கணக்கில் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். சங்கப் பாடல்களின் மருதம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. செந்நீலப் பூ பூக்கும் பூமருதுதான் அது என்பாரும், இந்த நீர்மருதுதான் என்பாரும் இருக்கிறார்கள். கோயில் மரபில் அந்தக் குழப்பம் இல்லை. ஸ்ரீசைலம், திருவிடைமருதூர், திருப்புடைமருதூர் மூன்றும் தலைமருது, இடைமருது, கடைமருது என்று இந்த மரத்தைத் தலமரமாகக் கொண்டவை.

நம் மாவட்டங்களின் மருதுக்கு வேறொரு சிறப்பு உண்டு. அதன் உச்சியில் நரை அணில் குடியிருக்கிறது. சாம்பல் நிற மலை அணில் என்றும் சொல்வார்கள். உடல் அளவுக்கே வால் நீளமுள்ள பெரிய அணில். உலகில் இந்தியாவின் தெற்கிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் இதற்கென்றே சரணாலயம் அமைத்தார்கள். காவிரிக்கரைக் காடு இதன் இன்னொரு முக்கிய இருப்பிடம். இலையும் குச்சியும் வைத்து உயரமான மரங்களின் கவட்டில் கூடு கட்டும். அந்த மரத்தின் கிளைகள் அக்கம்பக்கத்து மரங்களைத் தொட்டிருக்க வேண்டும், ஏனென்றால் இது கூடியவரை தரைக்கு இறங்காது. கிளைவிட்டுக் கிளை தாவித்தான் இரை தேடும், எதிரியிடமிருந்து தப்பும். மலையில் மரங்கள் குட்டையாக, இடைவெளி விட்டு, கோடையில் இலையற்று நிற்கின்றன. ஆண்டு முழுவதும் நிழலோடு உச்சிகள் கோத்து நிற்கும் இடம் கரை மட்டும்தான். ஆக, அந்த அணிலுக்குக் காடு என்பது ஆற்றோரத்தில் சில மரங்கள் அகலமே உள்ள ஒரு நீண்ட பட்டை. நடுவில் இரண்டு மருதை வெட்டினால் அந்தப் பட்டை இரண்டாகிவிடும்.

இந்தக் கரையின் பெரும்பகுதிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 2014இல் காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயம் 504.33 சதுர கிலோமீட்டரிலும், 2022 நவம்பரில் காவிரி தெற்குச் சரணாலயம் 686.406 சதுர கிலோமீட்டரிலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் அமைந்தவை. மறுகரையில் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயம். ஆற்றின் இருபுறமும் காப்புக்காடு இருப்பது பெரிய பேறு. சரணாலய எல்லை மரத்தைக் கோடரியிலிருந்து காக்கும். ஆற்றின் ஏற்ற இறக்கத்தைக் காக்க அதற்கு அதிகாரம் இல்லை.

பட்டைக்கு வருகிறேன். நாட்டு மருந்துக் கடைகளில் மருதம்பட்டை எளிதாகக் கிடைக்கும். வெளியே சாம்பல், உள்ளே செந்நிறம், வாயில் வைத்தால் நாக்கை இழுக்கும் துவர்ப்பு. இதயநோய்க்கு இதைப் பயன்படுத்தும் வழக்கம் ஆயுர்வேதத்தில் பழைய நூலாசிரியர் வாக்படர் காலம் வரை பின்னோக்கிப் போகிறது. பட்டையில் துவர்ப்புத் தரும் டானின்கள் நிறைய உண்டு, கால்சியம் உப்புகள் உண்டு. அர்ஜுனோலிக் அமிலம், அர்ஜுனிக் அமிலம் போன்ற சேர்மங்கள் இந்த மரத்தின் பெயரையே தாங்கியிருக்கின்றன. சிறு அளவிலான மருத்துவ ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன. பெரிய அளவிலான உறுதியான நிரூபணம் இன்னும் இல்லை. இதய மருந்தோ ரத்த அழுத்த மருந்தோ எடுப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு மருதம்பட்டைக்கு மாறுவது ஆபத்து. மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துக் குடிப்பதும் சரியில்லை.

மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வி வேறு. இலை செய்த உணவை வேருக்கு இறக்குவது பட்டையின் உள்ளடுக்கு. அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்தால் வேருக்குச் சோறு நின்றுபோகும். மேலே இலை கொஞ்ச காலம் பச்சையாகவே இருக்கும் என்பதால் மரம் பிழைத்துவிட்டது போலத் தோன்றும். வேர் தன் சேமிப்பைத் தின்று தீர்த்ததும் மரம் பட்டுப்போகும். உள்ளடுக்கை விட்டுவைத்து, ஒரு பக்கத்தில் மட்டும் சிறு பகுதியாக எடுத்தால் அந்த இடத்தில் பட்டை மீண்டும் வளரும். மருதுக்கு அந்தத் திறன் உண்டு. அப்படிப் பொறுமையாக எடுப்பதற்கும் சரணாலயத்துக்குள் இடமில்லை, இருக்கவும் கூடாது. தோப்பிலும் ஏரிக்கரையிலும் வளர்த்த மரங்களே பட்டைக்குப் போதும்.

ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா பக்கம் மருதின் இலையில் தசர் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். கூடுகள் கிளையிலேயே தொங்கும். தர்மபுரிக்குப் பட்டு புதிதல்ல, பட்டுக்கூடு அங்காடியே இங்கு இருக்கிறது. ஆனால் நம்முடையது முழுக்க மல்பெரித் தோட்டப் பட்டு. மருதுக்கு இங்கே அந்த வேலை வரவில்லை.

இப்போது என்னை உறுத்தும் விஷயம். கரையில் பெரிய மருதுகள் ஏராளம். அவற்றைப் பார்த்து நிறைவடைந்துவிடக் கூடாது. பெரிய மரம் என்பது பல பத்தாண்டுகளுக்கு முன் ஆறு எப்படி இருந்தது என்பதன் விளைவு. இன்றைய ஆற்றின் விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் குனிந்து கன்றைத் தேட வேண்டும். மனிதர் புழங்கும் இடங்களில், குறிப்பாக அருவியையும் பரிசல் துறையையும் சுற்றி, மரத்தடி மண் மிதிபட்டு இறுகியிருக்கிறது. அங்கே வண்டலுக்குப் பதில் எண்ணெய்ப் பாக்கெட்டும் நெகிழித் தட்டும் ஒதுங்குகின்றன. ஆடுமாடு இறங்கும் துறைகளில் இளங்கன்று தலையெடுக்க முடியாது. காட்டுக்கு வெளியே, தென்பெண்ணைக் கரைகளில், மருது நிற்க வேண்டிய இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மணல் அள்ளிய இடத்தில் நிலத்தடி ஈரம் கீழே இறங்கிவிடும். மேலோடும் வேருக்கு அது எட்டாது.

எல்லாவற்றையும்விடப் பெரியது நீரின் நேரம். மேலே உள்ள அணைகள் நிரம்பாத ஆண்டுகளில் ஆடி வெள்ளம் வராது. வந்தாலும் திறப்பும் அடைப்புமாகச் சில நாட்களில் ஏறி இறங்கிவிடும். காய் ஊறவும் ஒதுங்கவும் வேண்டிய நிதானம் அதில் இருக்காது. காவிரிப் பங்கீட்டில் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று ஆண்டுக் கணக்கை நிர்ணயித்தது. பாசனத்துக்கு அந்தக் கணக்கு உயிர். கரைக்காட்டுக்கோ மொத்த அளவோடு, எந்த மாதம் எவ்வளவு உயரம் என்பதும் சேர்ந்தே கணக்கு. கர்நாடகம் முன்வைக்கும் மேகதாது அணையின் கொள்ளளவு 67.16 டி.எம்.சி. தேங்கும் நீர் மேலே ஆற்றோரக் காட்டை மூழ்கடிக்கும். சில வாரம் வெள்ளத்தில் நிற்கும் மருது, ஆண்டுக்கணக்கில் தேங்கிய நீரில் நிற்காது. வேருக்கு மூச்சு வேண்டும். கீழே ஒகேனக்கல் கரைக்கு வருவது, முழுக்க மதகைத் திறப்பவர் தீர்மானிக்கும் நீராக இருக்கும். அணை பற்றிய வாதங்களில் குடிநீரும் பாசனமும் பேசப்படுகின்றன, பேசப்பட வேண்டும். 2013 முதல் ஃபுளோரைடு இல்லாத தண்ணீருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நம்பியிருக்கும் மாவட்டங்கள் நம்முடையவை. அந்தத் தண்ணீர் வரும் கரையின் காடும் அதே வாதத்தில் ஓர் இடம் பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நடவு செய்ய விரும்பும் ஊராட்சிகளுக்கும் இளைஞர் குழுக்களுக்கும் சில நடைமுறைக் குறிப்புகள். விதையைச் சரணாலயத்துக்கு வெளியே, ஏரிக்கரை, சாலையோர மரங்களிலிருந்து பங்குனி, சித்திரையில் சேகரிக்கலாம். பழுப்பாகி உதிர்ந்த காய்தான் வேண்டும், பச்சையாகப் பறித்தது முளைக்காது. இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை நாள்தோறும் மாற்றி, பிறகு மேடைப்பாத்தியில் விதைக்க வேண்டும். முளைப்பு ஒன்றுபோல் இருக்காது. சில வாரங்களில் வருவதும் உண்டு, இரண்டு மாதம் தாண்டி வருவதும் உண்டு, அதனால் அவசரப்பட்டுப் பாத்தியைக் கலைத்துவிடக் கூடாது. பையில் ஓராண்டு வளர்ந்த கன்றைப் புரட்டாசி மழையோடு நடுவது நல்லது. இடம் முக்கியம்: கோடை நீர்மட்டத்துக்கு மேலே, வெள்ளம் எட்டும் விளிம்பை ஒட்டி. தார்ச்சாலை ஓரத்துச் சரளை மேட்டில் நட்டுவிட்டு மருது பிழைக்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. ஏரி உட்கரை, ஓடை ஓரம், தென்பெண்ணைக் கிளையாறுகளின் கரை ஆகியவை இதற்கு ஏற்றவை. சீமைக்கருவேலத்தை அகற்றிய கரை என்றால் மறுகிளைப்பு வராமல் வேரோடு எடுத்த பிறகே நட வேண்டும். ஆடு கடிக்காதபடி முள் அடைப்பும், முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் கொடுத்தால் மூன்றாம் ஆண்டில் வேர் தானே ஈரத்தைத் தேடிக்கொள்ளும்.